கொரிப் ஏரிக்குப் போகும் வழி

ஜன்னல் இடுக்குகளில் கோணிச் சாக்கைத் திணித்துக்கொண்டிருந்தாள் மக்தலேனா. வெளியிலிருந்து ஒரு கீற்றுக் காற்று நுழைந்தாலும் போதும், கட்டிலில் கிடக்கும் அவள் கணவன் ஹானனுக்குத் தொண்டை இழுத்துக்கொள்ளும். தண்ணீர்க்காரனைப் படியேற வேண்டாம் என்று சொல்லியாகிவிட்டது. ஆனால் மேற்கே வானம் கறுத்துக்கொண்டு வந்தது. அதை யாரிடம் சொல்லி நிறுத்துவது?

ஹானன் ரயில்வேயில் கார்டு. அயர்லாந்திலிருந்து பட்டாளத்தோடு ரங்கூனுக்கு வந்து, அவளைக் கட்டிக்கொண்டு இங்கேயே தங்கிவிட்டவன். லீவு நாளெல்லாம் தூண்டிலோடு ஊரோரத்துப் பசுந்தாங் கழிக்கரையில்தான். பங்குனியில் அங்கே தூண்டில் நரம்பில் சிக்கிய ஒரு நாய்க்குட்டியை விடுவிக்கப் போய்க் கையில் கடி வாங்கினான். குட்டிப் பல் என்ன செய்யும் என்று சிரித்தான். காயமும் ஆறிவிட்டது. முந்தாநாள் காலை காப்பியை வாயருகே கொண்டுபோனவன் அலறிக்கொண்டு டம்ளரைச் சுவரில் எறிந்தான். டாக்டர் பார்த்துவிட்டு, வெறிநாய் விஷம் என்றார்; கட்டிப் போடச் சொல்லிப் போய்விட்டார்.

அவளுடைய பழைய சேலைகளால் அவனைக் கட்டியவர் கீழ்வீட்டு பர்கத்துல்லா. அவனோடு மீன் பிடிக்கப் போகிறவர்.

“கிட்ட போகாதம்மா. எச்சில் பட்டா ஒனக்கும் வந்துரும்.”

“தெரியும், பாய்.”

அவளுக்கு அவனைப் பார்க்கவே பயமாக இருந்தது. அது அவனுக்குத் தெரிந்துவிடுமோ என்று அதைவிடப் பயமாக இருந்தது. இழுப்பு ஓய்ந்த நேரங்களில் அவன் பழைய ஹானனாகவே இருந்தான்.

“மக்தா, பயமா இருக்கு. ஏதாவது பேசு. கொரிப்புக்குக் கூட்டிட்டுப் போ.”

இருபது வருஷமாக அவன் சொல்லிச் சொல்லிக் கேட்ட இடங்கள். கால்வே ஊர்ப் பாலத்தில் நின்று குனிந்தால் கீழே வரிசையாக நிற்கும் சால்மன் மீன்கள். கிளேர் கடற்கரையில் அலை ஏறி அடிக்கும் பாறைகள். வைகாசியில் பூச்சி பறக்கும்போது மீன் மேலே வந்து கவ்வும் கொரிப் ஏரி. எல்லாம் அவளுக்கு மனப்பாடம். ஆனால் எந்த வழியில் போனாலும் தண்ணீருக்குத்தான் போய்ச் சேரும். நேற்று பர்கத்துல்லா வாய்தவறி ஆறு என்றதற்கே அவன் உடம்பு வில்லாக வளைந்தது.

“ஒங்க அம்மா வீட்டு வாசல்ல நிக்கிறோம்,” என்றாள். “ரெண்டு பக்கமும் கல்லுச் செவரு. சுண்ணாம்பு வைக்காம அடுக்கினது.”

“கல்லுச் சந்து வழியா ஆடு பாக்கும்.”

“ஆமா, கறுத்த மூஞ்சி ஆடு. கழுதை வச்சிருக்கிற கெழவரு...”

“டூலன்.”

“அவருகிட்டச் சொல்லிட்டு மேட்டுல ஏறுறோம்.”

மேட்டுக்கு அந்தப் பக்கம் ஏரி. மக்தலேனா அவனை மேட்டின் மேலேயே உட்கார வைத்தாள். புல்லைச் சொன்னாள். முள்ளுக்குள் பூத்த மஞ்சள் பூவைச் சொன்னாள். அவன் கண்கள் சொருகின.

தகரக் கூரையில் ஒரு துளி விழுந்தது. பிறகு இன்னொன்று.

அவன் கண்ணைத் திறந்து மேலே பார்த்தான்.

அவள் கட்டிலில் ஏறி, இரண்டு உள்ளங்கைகளாலும் அவன் காதுகளை அழுத்திப் பொத்தினாள். “எந்திரிம்மா!” என்று பர்கத்துல்லா கத்தியது மழையில் கேட்கவில்லை. அவன் உடம்பு கட்டிலைத் தூக்கித் தூக்கிப் போட்டது. நுரை அவள் முழங்கைவரை வழிந்தது.

“மேட்டுலயே இருங்க. எறங்க வேணாம். இங்கயே இருங்க.”

மழை விட்ட பிறகும் அவள் கையை எடுக்கவில்லை. பர்கத்துல்லாதான் விரல் விரலாகப் பிரித்தார்.

“விடும்மா. போயிட்டாரு.”

முதலில் அவளுடைய கையைக் காரச் சவுக்காரம் போட்டுத் தேய்க்க வைத்தார். மணிக்கட்டில் ஒரு கீறல் இருந்தது. வளையல் பட்டதா, பல் பட்டதா என்று அவளுக்கு நினைவில்லை. அவர் அதைப் பார்த்தார், சவுக்காரத்தை மறுபடி நீட்டினார்.

சாயங்காலம், சவப்பெட்டி வருவதற்கு முன், கட்டுகளை அவிழ்த்து அவனைக் குளிப்பாட்டினார்கள். பர்கத்துல்லா செம்பைச் சாய்க்கத் தயங்கினார்.

“ஊத்துங்க, பாய்.”

நெற்றியில் விழுந்த தண்ணீர் கன்னத்தில் இறங்கி, தொண்டைக்குழியில் கொஞ்சம் தேங்கி, வழிந்து போனது. மக்தலேனாவின் கை அவன் கண்களைப் பொத்தியிருந்தது.