குட்டைப் பெட்டி

நர்ஸ் லெட்டி டீயில் இரண்டு கரண்டி சர்க்கரை போட்டுக் கொடுத்தபோதே ஏதோ கெட்ட சேதி என்று கெசியா புரிந்துகொண்டாள். ஏழை விடுதியில் காரணமில்லாமல் யாரும் யாருக்கும் சர்க்கரை போடுவதில்லை. இரண்டு வருஷமாகச் சலவைக் கூடத்துச் சோடாத் தண்ணீரில் கை வெந்துகொண்டிருந்தவளுக்கு இது தெரியாதா?

"முதல்ல குடிங்க," என்றாள் நர்ஸ்.

"முதல்ல சொல்லுங்க," என்றாள் கெசியா.

அவள் கணவன் ஆமோஸ் ஹார்கட் அன்று விடியற்காலை, ஆண்கள் பக்கத்து நோயாளிக் கூடத்தில் செத்துப்போயிருந்தான். செவ்வாய்க்கிழமை. முந்தின ஞாயிற்றுக்கிழமைதான் நீள மேசைக்கு அந்தப் பக்கம் அவனும் இந்தப் பக்கம் இவளுமாக அரைமணி நேரம் உட்கார்ந்திருந்தார்கள். விடுதியில் புருஷன் பெண்டாட்டிக்குக் கிடைப்பது வாரத்தில் அந்த அரைமணிதான். அவன் இருமினான். "பனி," என்றான். அவள் நம்பவில்லை. ஆனாலும் மணி அடித்ததும் எழுந்து வந்துவிட்டாள்.

ஆமோஸ் கட்டடத்தில் செங்கல் சுமந்தவன். ஆறடி மூன்று அங்குலம். மற்றவர்கள் ஏணி வைக்கும் இடத்தில் அவன் கையை நீட்டினால் போதும் என்பார்கள். சாரத்திலிருந்து விழுந்து இடுப்பு போனபிறகு முதலில் கடிகாரம் போனது, பிறகு கட்டில், பிறகு வாடகை அறை. கடைசியில் இருவரும் கைகோத்துக்கொண்டு விடுதி வாசலுக்கு வந்தார்கள். ஆண்கள் இடப்பக்கம், பெண்கள் வலப்பக்கம் என்று வாயிற்காரன் கையைக் காட்டினான். முப்பத்தெட்டு வருஷம் ஒரே படுக்கையில் படுத்தவர்கள் அப்படித்தான் பிரிந்தார்கள்.

கெசியா டீயைத் தொடவில்லை. "அவரை நான்தான் குளிப்பாட்டுவேன்," என்றாள். நர்ஸ் தலையசைத்துவிட்டு வெந்நீர் கொண்டுவந்தாள். பக்கத்திலேயே நின்றாள். ஏன் நிற்கிறாள், எதைப் பார்க்கிறாள் என்று கெசியாவுக்கு எரிச்சலாக இருந்தது. அவன் கால்கள் கட்டில் கம்பியைத் தாண்டி ஒரு முழம் நீட்டிக்கொண்டிருந்தன. அவற்றை ஒட்டிவைத்து, கணுக்காலில் நாடாவால் கட்டினாள். உடம்பு பலகைபோல விறைத்திருந்தது.

அங்கிருந்து நேராக விடுதித் தலைவர் பென்ஃபோல்டின் அறைக்குப் போனாள்.

"எங்க வீட்டுக்காரரை மண்ணுல புதைக்கணும் ஐயா. டாக்டர் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பக் கூடாது. சொல்லிட்டேன்."

"சொல்லிட்ட. கேட்டுட்டேன். போ," என்றார் அவர், காகிதத்திலிருந்து தலையைத் தூக்காமல்.

கேட்க ஆளில்லாமல் சாகிறவர்களை நகரத்து டாக்டர் பள்ளிக்கூடத்துக்குக் கொடுக்கலாம் என்று அப்போது சட்டம் இருந்தது. அறுத்துப் பார்த்துப் படித்துவிட்டு, பிறகு புதைப்பார்கள். சொந்தக்காரர் ஒருவர் வாயைத் திறந்து வேண்டாமென்றால் கொடுக்கக் கூடாது. கையெழுத்துப் போடத் தெரியாதவர்களுக்கும் விடுதியில் இந்த ஒரு சட்டம் மட்டும் மனப்பாடம்.

பிணவறையைக் கவனித்துக்கொண்டவன் ஓபேத். அவனும் விடுதியில் அடைக்கலம் புகுந்தவன்தான். அந்த வேலைக்காக அவனுக்கு ஒரு குவளை பீர் கூடுதலாகக் கிடைக்கும். ஆமோஸுக்கு அடுத்த கட்டில். "அண்ணே" என்றுதான் கூப்பிடுவான். கெசியா போனபோது குந்தியிருந்து மூக்கைச் சிந்திக்கொண்டிருந்தான்.

"அண்ணி, அண்ணன் போயிட்டாரே."

"ஓபேத், இங்க யாரையும் நான் நம்பல. நீ கண்ணு மூடாம பாத்துக்க. அந்த நர்ஸை உள்ள விடாத. என்னமோ தேனொழுகப் பேசுறா."

"என் தலைமேல சத்தியம் அண்ணி. என்னைத் தாண்டி ஒரு ஈ போகாது."

அவன் கண்ணீரைப் பார்த்து அவளுக்கும் அழுகை வந்தது. அந்தக் காலையில் அவள் அழுதது அவன் முன்னால் மட்டும்தான்.

புதன்கிழமை சலவைக் கூடத்தில் செலினா வாயை வைத்துக்கொண்டு சும்மா இருப்பவளா? நனைந்த போர்வையைப் பிழிந்துகொண்டே ஆரம்பித்தாள்.

"உன் ஆளு ஆறடி மூணு அங்குலம்டி. டாக்டர் பசங்க பாத்தா விடுவானுங்களா? கல்யாண விருந்து மாதிரி சுத்தி நிப்பானுங்க."

"வாயைக் கழுவு, செலினா."

"எனக்கென்ன. நேத்து சாயங்காலம் இஸ்திரி அறை ஜன்னல்ல நின்னேன். ஸ்லேட்டரோட வண்டி பின்வாசல்ல நின்னுச்சு. எறக்குனதையும் பாத்தேன், ஏத்துனதையும் பாத்தேன். உன் புருஷனைத் தவிர வேற யாருடி செத்தா?"

ஸ்லேட்டர் விடுதிக்குச் சவப்பெட்டி செய்து, வண்டியில் ஏற்றி, புதைத்துக் கொடுக்கும் ஒப்பந்தக்காரர். கெசியா கையிலிருந்த துணியைப் போட்டுவிட்டு ஓபேத்திடம் ஓடினாள். "காலிப் பெட்டியை எறக்குனாங்க அண்ணி. பழைய பலகை கொஞ்சம் ஏத்துனாங்க," என்றான் அவன். அவள் நம்பினாள். அவன் ஆமோஸின் கட்டிலுக்கு அடுத்த கட்டில்காரன் அல்லவா?

மற்றபடி அந்த இரண்டு நாளும் அவள் கண்ணுக்கு எல்லாமே கோணலாகத்தான் தெரிந்தது. பென்ஃபோல்ட் தாழ்வாரத்தில் எதிர்ப்பட்டபோது குட் மார்னிங் சொன்னார். இதுநாள்வரை சொல்லாதவர் இன்றைக்கு ஏன் சொல்கிறார்? நர்ஸ் லெட்டி இரண்டு தடவை சலவைக் கூடத்து வாசலுக்கு வந்து, அவளைப் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் திரும்பிப் போனாள். நெஞ்சில் எதையோ வைத்துக்கொண்டு விழுங்குகிறவளின் நடை அது. ராத்திரிக் கஞ்சியில் இறைச்சித் துண்டு கிடந்ததைக் கூடக் கெசியா கரண்டியால் ஒதுக்கிவைத்துவிட்டு எழுந்தாள்.

வியாழக்கிழமை காலை சவ ஊர்வலம். ஊர்வலம் என்ன ஊர்வலம்! ஒற்றைக் குதிரை வண்டி, ஸ்லேட்டர், அவர் ஆள், பின்னால் கெசியா. பெட்டியை முற்றத்துக்குக் கொண்டுவந்தார்கள். மூடியில் சுண்ணக்கட்டியால் ஹார்கட் என்று எழுதியிருந்தது. அவளுக்குப் படிக்கத் தெரியாது. ஆனால் கண் இருந்தது.

பெட்டி குட்டையாக இருந்தது.

அவள் போய்ப் பெட்டிக்குப் பக்கத்தில் நின்றாள். தலைப்பக்கம் கையை வைத்து, முழம் போட்டுக்கொண்டே கால்பக்கம் வந்தாள். மூன்றரை முழத்தில் பலகை முடிந்துவிட்டது.

"இதுல அவரு எப்படிப் படுப்பாரு?"

ஸ்லேட்டர் தொப்பியைச் சரிசெய்துகொண்டார். "முட்டியை மடக்கி வெச்சிருக்கோம்மா. நெட்டையான ஆளுங்களுக்கு அப்படித்தான்."

"நானே நேரா நீட்டி, நாடா போட்டுக் கட்டினேன். கட்டை மாதிரி இருந்தாரு. எப்படி மடக்குனீங்க? ஒடிச்சா?"

"வண்டிக்கு நேரமாச்சு. தள்ளு."

வண்டி நகர்ந்தது. கெசியா முன்னால் பாய்ந்து குதிரையின் கடிவாளத்தைப் பிடித்துக்கொண்டாள். ஐம்பத்தெட்டு வயசு ஆனவள்தான்; ஆனால் நாளெல்லாம் நனைந்த போர்வை பிழிகிற கை. வாயிற்காரன் தோளைப் பிடித்து இழுத்தான். குதிரை மிரண்டு பின்வாங்கியது, கடிவாளம் அவள் விரலை அறுத்தது. அவள் விடவில்லை.

"மூடியைத் திறங்க! ஒரு தடவை திறந்து காட்டுங்க, நானே மண்ணள்ளிப் போடுறேன்!"

அப்போது நர்ஸ் லெட்டி பாவாடையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு அலுவலகக் கட்டடத்துப் பக்கம் ஓடுவதைப் பார்த்தாள். போகிறாள் பார், தலைவரிடம் கோள்மூட்ட! "ஓடுடி, ஓடு! எவ்வளவு குடுத்தாங்க உனக்கு?" என்று கத்தினாள்.

நர்ஸ் திரும்பி வந்தபோது கூட வந்தவர் பென்ஃபோல்ட் இல்லை. அன்று விடுதியின் தர்மகர்த்தாக்கள் கூடும் நாள். அவர்களில் ஒருவர் கசாப்புக்கடை ஹாலம், கழுத்தும் தோளும் ஒன்றாய்ப் போன கனத்த மனிதர். அவரைத்தான் நர்ஸ் கூட்டத்தின் நடுவிலிருந்து இழுத்து வந்திருந்தாள். பென்ஃபோல்ட் பின்னால் மூச்சிரைக்க வந்தார்.

"என்னம்மா கலாட்டா?" என்றார் ஹாலம்.

"பெட்டி குட்டை ஐயா. எங்க வீட்டுக்காரர் நெட்டை."

ஹாலம் பெட்டியைப் பார்த்தார். ஆமோஸை அவருக்குத் தெரியும். அவர் கடைக்கு மாடி எடுத்தபோது செங்கல் சுமந்தவன். வண்டிக்குப் பக்கத்தில் போய்ப் பெட்டியின் ஒரு முனையை ஒரு கையால் தூக்கி, கீழே வைத்தார்.

"நாப்பது வருஷமா மாட்டைத் தூக்குற கை இது. அந்த மனுஷன் இதுல இல்ல. திறய்யா."

"செத்தவங்களுக்கு ஒரு மரியாதை வேண்டாமா, மிஸ்டர் ஹாலம்?" என்றார் ஸ்லேட்டர்.

"திறந்தா போயிடுற மாதிரி உள்ள என்ன மரியாதைய்யா வெச்சிருக்க?"

ஸ்லேட்டரின் ஆள்தான் ஆணியைப் பிடுங்கினான்.

உள்ளே யாரோ ஒரு குள்ளமான மனிதர். செம்பட்டைத் தாடி. துணி விலகிய இடத்தில் மார்பின் நடுவே சாக்குமூட்டைக்குப் போடுவதுபோலப் பெருந்தையல். நர்ஸ் குனிந்து துணியை இழுத்து மூடினாள்.

கெசியா கத்தவில்லை. "இது அவரு இல்ல," என்று மட்டும் சொன்னாள், எல்லோருக்கும் தெரிந்ததை. பிறகு, "அவரு எங்க?" என்றாள்.

பிணவறை வாசலில் நின்றிருந்த ஓபேத் அப்படியே தரையில் உட்கார்ந்தான்.

"அண்ணி," என்றான். "அரை அவுன்ஸ் புகையிலை அண்ணி. அவங்க படிச்சு முடிச்ச ஆளை இங்க கொண்டாந்து வெச்சுட்டு, இங்க இருக்கிறவரை அங்க கொண்டு போயிடுவாங்க. ஸ்லேட்டர் ஐயாவுக்கு ரெண்டு பக்கமும் கூலி. பேரு மட்டும் நான் எழுதுவேன். அண்ணனைக் கொண்டு போறாங்கன்னு தெரிஞ்சப்ப நான் வேண்டாம்னுதான் சொன்னேன். சொன்னேன் அண்ணி."

அவள் அவனைப் பார்த்தாள். இரண்டு நாளாக யார் யாரையோ சந்தேகப்பட்டவள், இவனை ஒருத்தனைத்தான் விட்டுவைத்திருந்தாள். கோபம் அவன்மேல் பாதி, தன்மேல் பாதி.

நகரம் பன்னிரண்டு மைல். ஹாலம் தன் கடை வண்டியையே பூட்டச் சொன்னார். கெசியா முன்பலகையில் அவர் பக்கத்தில் ஏறிக்கொண்டாள். நர்ஸ் ஒரு போர்வையைக் கொண்டுவந்து மடியில் போட்டபோது தடுக்கவில்லை. வழியெல்லாம் அவள் பேசியது ஒரே ஒரு கேள்வி.

"நிஜமாவே அங்கதான் போறோமா ஐயா?"

"வேற எங்கம்மா போவேன்?" என்றார் ஹாலம். கொஞ்ச தூரம் போனபிறகு, "கேக்குறதும் நியாயம்தான்," என்று தனக்குள் சொல்லிக்கொண்டார்.

டாக்டர் பள்ளிக்கூடத்துக் காவலாள் ஒரு காகிதத்தை நீட்டினான். எல்லாம் முறைப்படி வந்தது என்றான். ஹாலம் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு உரக்கப் படித்தார்: "ஆமோஸ் ஹார்கட், வயது அறுபத்தொன்று. சொந்தபந்தம் யாருமில்லை."

"அப்ப நான் யாரு?" என்றாள் கெசியா.

காவலாள் சாவியை எடுத்தான்.

ஆமோஸ் ஒரு மேசைமேல் இருந்தான். துணிக்கு வெளியே கால்கள் நீட்டிக்கொண்டிருந்தன, கணுக்காலில் அவள் கட்டிய நாடா அப்படியே இருந்தது. வெள்ளிக்கிழமைதான் வகுப்பு, யாரும் தொடவில்லை என்றான் காவலாள். அவன் சொன்னால் ஆயிற்றா? "திரும்பி நில்லுங்க," என்று இரண்டு ஆண்களிடமும் சொல்லிவிட்டுத் துணியை விலக்கினாள். தலைமுதல் கால்வரை, காது, நகம், முதுகு, சாரத்தில் விழுந்த தழும்பு, ஒவ்வொன்றாகப் பார்த்தாள். பத்து விரலையும் எண்ணினாள். எல்லாம் இருந்தது. அதற்குப் பிறகுதான் அவன் நெற்றியில் தன் நெற்றியை வைத்துக்கொண்டு அழுதாள். ஹாலம் சுவரைப் பார்த்தபடி மூக்கைத் துடைத்துக்கொண்டார்.

திரும்பும்போது அவள் முன்னால் ஏறவில்லை. வண்டியின் பின்பலகையில் அவனோடு உட்கார்ந்து வந்தாள்.

மறுநாள் தச்சன் ஒருவனைக் கூப்பிட்டு, அவள் பார்த்துக்கொண்டிருக்கவே நீளப் பெட்டி செய்தார்கள். அவள் பார்க்கவே ஆணி அடித்தார்கள். குழி மூடி மண் சமமாகும்வரை நின்றாள். பாதிரியார் போனபிறகும் நின்றாள். செம்பட்டைத் தாடிக்காரருக்கும் அன்றே பக்கத்தில் குழி வெட்டினார்கள். அவர் பேர் என்ன, எந்த ஊர் என்று யாருக்கும் தெரியவில்லை. கெசியா அந்தக் குழிக்கும் ஒரு பிடி மண் போட்டாள்.

ஸ்லேட்டர் கோர்ட்டுக்குப் போனார், ஒப்பந்தமும் போனது. பென்ஃபோல்ட் தனக்கு ஒன்றும் தெரியாதென்று பைபிளில் கைவைத்துச் சொன்னார். இருக்கலாம், கெசியா நம்பவில்லை. நர்ஸ் லெட்டியிடம் ஒருநாள், "அன்னிக்கு ரெண்டு தடவை ஏன் வந்துட்டுப் போனீங்க?" என்று கேட்டாள். "பின்வாசல்ல வண்டி நின்னதை நானும் பாத்தேன். தப்பா நினைச்சுட்டா என்ன பண்றதுன்னு பயந்தேன்," என்றாள் நர்ஸ். "சீக்கிரமா பயந்திருக்கலாம்," என்றாள் கெசியா. ஆனால் அடுத்த தடவை அவள் கொடுத்த டீயைக் குடித்தாள்.

ஓபேத்தைக் கல்லுடைக்கும் கொட்டடிக்கு மாற்றினார்கள். ஆண்கள் யாரும் அவன் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிடவில்லை. பிப்ரவரியில் நெஞ்சுச்சளி கட்டிப் படுத்தான். அவன் கூப்பிடுவதாக நர்ஸ் மூன்று தடவை வந்து சொன்னபிறகு கெசியா போனாள். கட்டிலுக்கு எட்டவே நின்றாள்.

"மன்னிக்கச் சொல்ல மாட்டேன் அண்ணி," என்றான். குரல் கரகரத்தது. "எனக்கு யாரும் இல்ல. அங்க என்ன பண்ணுவாங்கன்னு எனக்குத்தான் தெரியும். திரும்பி வந்தவங்களை நான் பாத்திருக்கேன். யாராவது ஒருத்தர் வேண்டாம்னு சொன்னா போதும்."

அவன் நாடகம் போடுகிறானா என்று அவள் பார்த்தாள். உதடு நீலமாக இருந்தது. திரும்பி நடந்தாள்.

தாழ்வாரத்தின் கோடிவரை போய், அங்கே கொஞ்ச நேரம் நின்று, பென்ஃபோல்டின் அறைக் கதவைத் தட்டினாள்.

"ஓபேத் செத்தா மண்ணுல புதைக்கணும். டாக்டருங்களுக்குக் குடுக்கக் கூடாது. சொல்லிட்டேன்."

பென்ஃபோல்ட் இந்தத் தடவை தலையைத் தூக்கினார். "சொந்தக்காரங்கதான் அதைச் சொல்லணும். அவன் உனக்கு யாரு?"

"கொழுந்தன்."

"ஹார்கட்டுக்குத் தம்பி கிடையாதே." அவர் அவளை ஏற இறங்கப் பார்த்தார். "அவன் உனக்குப் பண்ணினதுக்கு அப்புறமுமா? இதுல என்ன சூழ்ச்சி இருக்கு?"

"அவன் மேல இரக்கப்பட்டு சொல்லல ஐயா," என்றாள் கெசியா. "உங்க மேல நம்பிக்கை இல்லாம சொல்றேன். எழுதிக்குங்க. எழுதினதை நர்ஸைக் கூப்பிட்டுப் படிக்கச் சொல்லுங்க."

அவர் எழுதினார். நர்ஸ் வந்து படித்தாள். ஒன்பதாம் நாள் ஓபேத் செத்தான். பெட்டிக்கு ஆணி அடிக்கும்போது கெசியா பக்கத்தில் நின்றாள்.