தெரிந்தவர் கைக்கு மட்டும் வந்த கரண்ட்

ஒரு செவ்வாய்க்கிழமை காலை பத்தேகாலிலிருந்து அந்த ஊரில் கரண்ட், தன்னைப் பற்றித் தெரிந்தவர் கைக்கு மட்டுமே வந்தது. பேக்கரிக்காரர் சுவிட்சைப் போட்டார், கரண்ட் அடுப்பு சூடேறவில்லை. பத்தாவது படிக்கும் அவர் மகள் போட்டாள், சூடேறியது. அவர் மறுபடி தொட்டார், அணைந்தது. பத்தரைக்குள் ஊருக்கே விஷயம் புரிந்துவிட்டது.

எதிர்ச் சலூனில் மின்சார ஆபீஸ் பெரிய இன்ஜினியரின் தலை பாதியில் நின்றது. இடப்பக்கம் வழவழப்பு, வலப்பக்கம் காடு. பன்னிரண்டு மணிக்கு அவருக்கு மீட்டிங். முடிவெட்டும் மெஷின் வந்த அன்றே கத்தரிக்கோலைப் பழைய இரும்புக்குப் போட்டவர் சலூன்காரர். இருபத்திரண்டு வருஷமாகக் கடல் முதல் ராக்கெட் வரை எல்லாருக்கும் விளக்கம் சொன்னவர், தெரியாது என்ற சொல்லே அவர் வாயில் வந்ததில்லை. இந்தத் தலை இப்படியே வெளியே போனால் நாளைக்குக் கடையில் ஈ ஓட்ட வேண்டியதுதான்.

"வயர்ல சிக்கு சார், கரண்ட் மாட்டிக்கிச்சு" என்று சீப்பெடுத்து வயரை நீளவாக்கில் வாரினார். பயனில்லை. "நீங்களே போடுங்க சார், கரண்டே உங்களுதுதானே" என்றார். இன்ஜினியர் போட்டார். மெஷின் சும்மா கிடந்தது. "எனக்குக் கையெழுத்துப் போடற வேலைதாங்க" என்று அவர் முணுமுணுத்தார்.

உள்ளேயிருந்து சலூன்காரர் மனைவி வந்தாள். தன் மகளின் பழைய பாடப்புத்தகத்தை வைத்துக்கொண்டு ரேடியோ ரிப்பேர் பார்ப்பவள். அவள் கையில் மெஷின் ர்ர்ரென்று ஓடியது. இன்ஜினியர் தலையைப் பொத்திக்கொண்டு, "நீங்க வெட்டிடாதீங்கம்மா" என்றார். புருஷன் கைக்கு மாறியதும் அது நின்றுபோனது.

முடிவெட்டக் காத்திருந்தவர்களின் பெஞ்சே பார்த்துக்கொண்டிருந்தது. சலூன்காரர் அவமானத்தோடு மனைவி பக்கம் திரும்பினார். "எனக்கு ஒண்ணும் தெரியாதுடி. சொல்லிக் குடு."

இதைக் கேட்க எத்தனையோ நாள் ஆசைப்பட்டவளுக்கு இப்போது பாவமாக இருந்தது. "கரண்டு ஒரு கம்பில போய், மெஷினச் சுத்திட்டு, இன்னொரு கம்பில திரும்பணுங்க. திரும்ப வழியில்லேன்னா கிளம்பவே கிளம்பாது. சுவிட்சு நடுவுல பாலம் மாதிரி. அதப் போட்டாத்தான் பாதை முழுசாகும்."

"அப்ப ரெண்டாவது கம்பி ஸ்பேர் இல்லையா?"

"இல்லீங்க."

அவர் வயர் மேல் விரலைப் போகவும் திரும்பவும் ஓட்டிப் பார்த்தார். பிறகு சுவிட்சைப் போட்டார். மெஷின் ஓடியது.

பதினொன்றே முக்காலுக்கு வலப்பக்கமும் முடிந்தது. துண்டை உதறியும் இன்ஜினியர் எழவில்லை. "அந்த ரெண்டாவது கம்பிய இன்னொரு தடவ சொல்லுங்க. ஆபீஸ் அஞ்சாவது மாடி, லிப்ட்ல போகணும்."

சலூன்காரர் விளக்கம் சொல்ல வாயைத் திறந்தார். மூடிக்கொண்டு, மனைவிக்குத் தன் முக்காலியை இழுத்துப் போட்டார். அவள் அதில் உட்கார்ந்து சொல்லிக்கொடுக்கத் தொடங்கிப் பதினாறு வருஷமாகிறது. கரண்ட் இன்னும் அப்படித்தான் வருகிறது.