பதினாறு தோப்புக்கரணம்

செங்கமலம் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருந்தால் இந்தக் கதையே இல்லை. நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். இவள் கெட்டது ஷிப்ட் பஸ்ஸில், ஐம்பது பேருக்கு நடுவில்.

அவள் புருஷன் கொளஞ்சிநாதன் திறந்தவெளி நிலக்கரிச் சுரங்கத்தில் பக்கெட் வீல் மிஷின் ஓட்டுகிறவர். மலை மாதிரி நிற்கும் அந்த மிஷினின் உயரத்தில், கண்ணாடி அறைக்குள் உட்கார்ந்து மண்ணை வாரி வாரி பெல்ட்டில் கொட்டுவது அவர் வேலை. கல்யாணமான புதிதில் பெண்டாட்டியைவிட மிஷினைப் பற்றித்தான் அதிகம் பேசினார். அப்படிப்பட்டவருக்குக் கம்பெனி மெடிக்கல் செக்கப்பில், ஏழுக்குள் இருக்க வேண்டிய மூன்று மாதச் சராசரிச் சர்க்கரை அளவு ஏழரை என்று வந்துவிட்டது.

"மாத்திரையை ஒழுங்கா போடுங்க. சர்க்கரை அடங்கலன்னா மிஷின்ல ஏத்த மாட்டேன், கீழ ஸ்டோர்லதான் உக்காரணும்" என்றார் டாக்டர். அன்றைக்கு மனுஷன் சோறே தின்னவில்லை.

செங்கமலம் விடுவாளா? சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு களத்தில் இறங்கினாள். டீயில் சர்க்கரை கிடையாது. நாள் கிழமை என்றாலும் பாயசம் கிடையாது. சர்க்கரை டப்பா பரண்மேல் ஏறியது. ஆள் இளைத்துவிடக் கூடாதே என்று, உடம்புக்கு நல்லதாகக் கடையில் பார்த்துப் பார்த்து வாங்கினாள். இரண்டு வேளைக்குச் சத்துபானம், காலையில் தேன் கலந்த கார்ன்ஃபிளேக்ஸ், ஷிப்ட்டுக்குத் தானிய பிஸ்கட்டும் டப்பா ஜூஸும், சப்பாத்திக்குத் தொட்டுக்கொள்ளத் தக்காளி சாஸ்.

மூன்று மாதம் கழித்துப் பார்த்தால் எட்டு! டாக்டர் கடைசியாக இன்னொரு மூன்று மாதம் தவணை கொடுத்தார்.

செங்கமலத்துக்குப் பற்றிக்கொண்டு வந்தது. மதியம் செகண்ட் ஷிப்ட் பஸ் அவர்கள் குவார்ட்டர்ஸ் பிளாக் முனையில் நின்றதும் படியேறி உள்ளே போய்விட்டாள்.

"எல்லாரும் கேட்டுக்குங்க! இவரு எங்கியோ திருட்டுத்தனமா இனிப்பு தின்னுகினு வராரு. கண்ணால பாத்தவங்க சொல்லுங்க!"

கொளஞ்சிநாதன் சீட்டுக்குள்ளேயே சுருங்கினார். "வூட்ல நீ போடறதத்தான் தின்றேன், செங்கு."

"என் வூட்லியா? என் கையால ஒரு நாளைக்கு ஒரே ஒரு ஸ்பூன் சக்கரை உங்க வயித்துக்குள்ள போயிருந்தாலும், ஸ்பூனுக்கு ஒரு தோப்புக்கரணம் இதே பஸ்ல போடறேன்!"

பஸ்ஸே கைதட்டியது. இறங்கும்போது அவளுக்கு அவ்வளவு பெருமை.

சொன்னதோடு விட்டாளா? மறுநாள் காலை, ஆதாரத்தோடு பஸ்காரர்களின் வாட்ஸ்அப் குரூப்பில் போடுவதற்காக ஒவ்வொரு பாக்கெட்டையும் முன்னும் பின்னும் போட்டோ எடுத்தாள். முன்பக்கம் கொட்டை எழுத்தில் சத்து, சக்தி, நார். பின்பக்கம் எறும்பு ஊர்வது போல எழுத்து. விரலால் போட்டோவைப் பெரிதாக்கினாள். ஜூஸில் சர்க்கரை இருபத்தைந்து கிராம். ஒரு ஸ்பூன் என்பது ஐந்து கிராம் என்று டாக்டர் சொன்னது ஞாபகம் வந்தது.

பரணிலிருந்து டப்பாவை இறக்கி ஒரு தட்டில் அளந்து போட்டாள். ஜூஸுக்கு ஐந்து ஸ்பூன். சத்துபானம் இரண்டு வேளைக்கு நான்கு. கார்ன்ஃபிளேக்ஸுக்கு மூன்று. பிஸ்கட்டுக்கு இரண்டு, சாஸுக்கு இரண்டு. குளுக்கோஸ் சிரப், மால்ட், தேன் என்று ஒரே ஆள் நாலு பேரில் ரேஷன் கார்டு வாங்கின மாதிரி பாக்கெட்டுக்குப் பாக்கெட் சர்க்கரை ஒளிந்திருந்தது.

பதினாறு. டீயில் முன்பு போட்டதே நாளுக்கு ஆறுதான். ஆறைப் பிடுங்கிவிட்டுப் பதினாறை ஊட்டியிருக்கிறாள். வேலியே பயிரை மேய்ந்த கதை! தட்டிலிருந்த குவியலைப் பார்க்கப் பார்க்கச் சிரிப்பு வந்தது. அழுகையும் வந்தது. இரண்டையும் நிறுத்த முடியவில்லை.

யாருக்கும் தெரியாதுதான். டப்பாவில் திரும்பக் கொட்டிவிட்டு வாயை மூடிக்கொள்ளலாம். ஆனால் மனுஷன் வீண்பழி சுமந்துகொண்டு பஸ் ஏறுவாரே, அதை அவளால் தாங்க முடியவில்லை.

மதியம் தட்டும் கையுமாகப் பஸ்ஸில் ஏறினாள்.

"மருதண்ணே, வண்டிய எடுக்காதீங்க!"

டிரைவர் மருதமுத்து தெற்கத்திக்காரர். "ஷிப்ட்டுக்கு நேரமாகுது தாயி" என்றார்.

"பதினாறே பதினாறுதாங்க அண்ணே."

விஷயத்தைச் சொல்லித் தட்டைக் காட்டினாள். கைகளை மாற்றிக் காதைப் பிடித்தாள். பஸ் எண்ண ஆரம்பித்தது. பதினொன்றில் முழங்கால் கடகடத்தது. "போதும், வுடு செங்கு" என்று கொளஞ்சிநாதன் கெஞ்சினார். "சொன்னா சொன்னதுதான்" என்று உட்கார்ந்து எழுந்தாள். பதினாறில் விசில் பறந்தது.

கொளஞ்சிநாதன் மெதுவாக எழுந்து நின்றார். திருட்டு முழி.

"நானும் ஒண்ணு சொல்லணும். பாதுஷா. ரெண்டு."

செங்கமலம் காதிலிருந்த கையை எடுத்து இடுப்பில் வைத்தாள்.

"எப்ப?"

"போன மாசம் ஒண்ணு. அதுக்கு முந்தின மாசம் ஒண்ணு."

செங்கமலம் அவர் சீட்டில் சாவகாசமாக உட்கார்ந்தாள். "போடுங்க."

பாதுஷா ஒன்றுக்கு எத்தனை ஸ்பூன் என்று பஸ்ஸில் பெரிய பஞ்சாயத்து நடந்து, ஐந்து என்று முடிவானது. அவர் பத்து போட்டு முடிப்பதற்குள் பின்சீட்டுக்காரர்கள் டிபன் பைகளைத் துழாவ ஆரம்பித்துவிட்டார்கள். "அண்ணி, இந்த பிஸ்கட்டையும் பாருங்க", "அக்கா, இதுல எத்தினி?" என்று எட்டுத் திக்கிலிருந்தும் பாக்கெட் நீண்டது. மருதமுத்துவும் கியர் பக்கத்திலிருந்த ஜூஸ் டப்பாவைத் தயங்கித் தயங்கி நீட்டினார். பார்த்துச் சொன்னாள். காதைப் பிடித்தபடி இறங்கியவர்களே அதிகம். அன்றைக்கு பஸ் எட்டு நிமிஷம் லேட்.

வீட்டில் பாக்கெட்டெல்லாம் போய், கேழ்வரகுக் கூழும் சுண்டலும் மோரும் வந்தன. மாத்திரை மாறவில்லை. மூன்று மாதம் கழித்து ஆறரை. டாக்டர் காகிதத்தில் கையெழுத்துப் போட்டு, "தாராளமா மிஷின்ல ஏறலாம்" என்றார். "அப்படி என்னதான் பண்ணீங்க?"

கொளஞ்சிநாதன் சிரிப்பை அடக்கிக்கொண்டு திரும்பிப் பார்த்தார். கூட வந்திருந்த செங்கமலத்தின் இரண்டு கையும் தன்னால் காதுக்குப் போயிருந்தது.