1687-ஆம் நம்பர் வீடு

தங்கபுஷ்பத்துக்கு வாழ்க்கையில் ஒரே ஒரு ஆசைதான். தன் வீட்டில், தன் அடுப்பில், தானே உலை வைக்க வேண்டும். புருஷன் குற்றாலிங்கம் இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் கணக்கப்பிள்ளையாக இருந்த பதினெட்டு வருஷமும் அவள் தென்காசியில் அண்ணன் வீட்டில்தான் கிடந்தாள். அங்கே மதினி ஆவுடையம்மாள் உத்தரவு கொடுத்தால்தான் கடுகுகூட வெடிக்கும்.

1956-ல் குற்றாலிங்கம் ஊருக்கே வந்து சேர்ந்தார், கக்கத்தில் ஒரு படத்தோடு. தோட்டத்துத் துரை சீமைக்குத் திரும்பும்போது கொடுத்துவிட்டுப் போன படம். துரையின் பாட்டன் பூட்டன் வாழ்ந்த கல் வீடு, பண்ணை வீடு. கட்டினால் அச்சு அசல் இதையேதான் கட்டுவேன் என்று ஐந்தருவி போகிற வழியில் மனை வாங்கிவிட்டார். மனுஷனுக்குத் துரை ஆசை வந்தால் லேசில் விடாது.

கொத்தனார் பலவேசம் படத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

"அண்ணாச்சி, கூரை நடுவுல தொங்குதே. நிமித்திருவமா?"

"தொங்குனா தொங்கட்டும்லே."

"இந்தச் சன்னலக் கல்லு வச்சு அடைச்சிருக்கான்."

"நீயும் அடை."

"பெறவு எதுக்குச் சன்னலு?"

"அடைக்கதுக்குத்தான்."

படத்தில் வாசல் நிலைக்கு மேலே கல்லில் 1687 என்று இருந்தது. அது கதவு நம்பர் என்றார் குற்றாலிங்கம். அந்தத் தெருவில் மொத்தமே ஒன்பது வீடுகள். பலவேசம் அதையும் அழகாகச் செதுக்கி வைத்தான்.

இரண்டு முழ கனத்துக்குக் கல் சுவர் எழும்பியது. முன் கூடத்தில் குளிர்காய ஒரு பெரிய கணப்பு, அதன் தலைக்கு மேல் புகைபோக்கி, பக்கத்தில் இரண்டு அறை. பின்னால் மொட்டைச் சுவர். படத்தில் வீட்டின் முன்பக்கம் மட்டும்தான் தெரிந்தது.

"அடுக்களை எங்க?" என்றாள் தங்கபுஷ்பம்.

"படத்துல இல்லயே ஏட்டி."

"படத்துல நானுந்தான் இல்ல. என்னையும் வேண்டாம்னு சொல்லிருவியளா?"

அடுக்களை இல்லாத வீட்டில் பால் காய்ச்ச மாட்டேன் என்று அவள் அண்ணன் வீட்டிலேயே இருந்துவிட்டாள். வீடு பூட்டிக் கிடந்தது; குற்றாலிங்கம் சத்திரத்தில் படுத்து ஓட்டல் சோறு தின்றார். குற்றாலத்துச் சாரல் சும்மா இருக்குமா? இரண்டு சீசனில் சுவரெல்லாம் பாசி பிடித்து, வீடு கிழடு தட்டிப் போயிற்று. கடைசியில் குற்றாலிங்கம் இறங்கி வந்தார். பின்னால் ஓர் அடுக்களை கட்ட அஸ்திவாரத்துக்கு வானம் தோண்டலாம் என்று பலவேசம் கடப்பாரையை ஓங்கினான்.

"கை வைக்காதே!"

ஐந்தருவியில் குளித்துவிட்டு ஈரத் துண்டோடு வந்த ஒருவர் ஓடிவந்தார். பழைய கட்டிடங்களைக் காக்கும் ஏதோ ஓர் இலாகாவின் அதிகாரி, காந்திமதிநாதன் என்று பெயர். வாசல் நிலையில் 1687 என்று பார்த்துவிட்டு வந்தவர் சுவரைத் தடவித் தடவி அழுதார். "ஏறக்குறைய முந்நூறு வருஷம்! சரித்திரத்தையே திருத்தி எழுத வேண்டும்!"

"அய்யா, அது கதவு நம்பரு," என்றார் குற்றாலிங்கம்.

"ஒன்பது வீட்டுத் தெருவிலா?"

"நாந்தாம்யா கட்டுனேன்," என்றான் பலவேசம்.

"உனக்கு வயது என்ன?"

"நாப்பத்தஞ்சு இருக்கும்."

அதிகாரி பரிதாபப்பட்டுச் சிரித்தார். குற்றாலிங்கம் ஓடிப்போய்ப் படத்தைக் கொண்டுவந்து காட்டினார். "ஆகா! அந்தக் காலத்திலேயே இந்த வீட்டைப் படமாகவும் வரைந்து வைத்திருக்கிறார்கள்!" என்று அதிகாரி அதையும் வாங்கிக்கொண்டார். ஒரே வாரத்தில் வாசலில் பலகை தொங்கியது, காவல்காரன் வந்தான். ஆணிகூட அடிக்கக் கூடாதாம், அப்புறம் அடுக்களைக்கு எங்கே போவது?

தங்கபுஷ்பத்துக்குச் சேதி எட்டியது. மறுநாளே பஸ் ஏறி அந்த வீட்டுக்குப் போனாள். அதிகாரி உள்ளே அளந்துகொண்டிருந்தார்.

"அய்யா, அந்தக் காலத்து ஆளுக சாப்புட்டாகளா?"

"சாப்பிட்டிருப்பார்கள்."

"எங்க வச்சுப் பொங்குனாக?"

அதிகாரி சுற்றும் முற்றும் பார்த்துவிட்டுக் கணப்பைக் காட்டினார். "இங்கேதான் இருக்க வேண்டும்."

"அப்ப இது எரியாம கெடந்தா எப்படிய்யா? எழவு வீடு மாதிரில்லா இருக்கு."

அதிகாரி அளப்பதை நிறுத்திவிட்டு யோசித்தார். அந்த மாதமே உத்தரவு வந்தது. பழைய வழக்கப்படி அடுப்பு எரிய வேண்டும். எரிப்பதற்குத் தங்கபுஷ்பம் நியமனம், குடியிருப்பும் அங்கேயே. மற்ற யாரும் மாலை ஐந்து மணி வரை வந்து பார்த்துவிட்டுப் போகலாம். மற்ற யாரும் என்றால் குற்றாலிங்கமும்தான்.

முன் கூடத்துக் கணப்பில் பால் பொங்கி வழிந்தபோது தங்கபுஷ்பம் வாய்விட்டு அழுதாள். இத்தனை சந்தோஷம் அவளுக்கு எந்தக் காலத்திலும் வந்ததில்லை. குற்றாலிங்கம் வரிசையில் நின்று உள்ளே வந்து, தன் வீட்டைச் சுற்றிப் பார்த்து, ஒரு தம்ளர் பாலும் குடித்தார். ஐந்து மணிக்குக் காவல்காரன் மணி அடித்தான்.

"ஏட்டி, நான் எங்க போவ?"

அவள் திரும்பிப் பார்க்கவில்லை.

"எங்க அண்ணன் வீட்டுல போய் இருங்க. பதினெட்டு வருசம் நான் இருந்து பாத்துட்டேன், உசிரு ஒண்ணும் போயிராது," என்று சொல்லிக்கொண்டே உலையில் அரிசியைப் போட்டாள்.