கூடையில் மிஞ்சிய ஒன்று

மூங்கில் கூடையில் ஒரே ஓர் இறால் கொழுக்கட்டை மிச்சமிருந்தது. அது இருக்கும் வரைதான் மேசை தங்களுடையது என்று யுக்பிங்குக்குத் தெரியும்.

ஞாயிற்றுக்கிழமை மதியம். கௌலூனின் அந்தக் கடலுணவுக் கடையில் ஒவ்வொரு நாற்காலிக்குப் பின்னாலும் அடுத்த குடும்பம் காத்து நின்றது. அம்மாவின் முதுகுக்குப் பின்னால் கைக்குழந்தையோடு ஒரு தம்பதி. கணவர் கூடைக்குள் எட்டி எட்டிப் பார்த்தார்.

அக்கா ஷுக்யி இன்னும் வரவில்லை. வான்கூவரிலிருந்து அப்பாவின் அடக்கத்துக்கு வராத நாளிலிருந்து அம்மா அவளோடு பேசுவதில்லை. ஊருக்கு வந்திருந்தவள் இன்று இரவு மறுபடி விமானம் ஏறுகிறாள். யுக்பிங் கெஞ்சித்தான் அம்மாவை இங்கே அழைத்து வந்திருந்தாள். சாப்பிட்டு முடிக்கும் வரைதான் இருப்பேன், அதற்கு மேல் ஒரு நிமிஷம் கிடையாது என்று அம்மா வீட்டிலேயே சொல்லிவிட்டாள்.

யுக்பிங் வாசலையே பார்த்திருந்தாள். எதிரே அம்மா, யுக்பிங்குக்குப் பின்னால் கூடத்தை இரண்டாகப் பிரித்து நின்ற மீன் தொட்டியையே வெறித்திருந்தாள்.

பரிமாறும் பையன் கன் மறுபடி வந்து கூடையில் கை வைத்தான். இன்னும் சாப்பிடவில்லை என்று யுக்பிங் தடுத்தாள்.

"அதுக்குப் பேரு வெச்சு வளக்கப் போறாங்க போல" என்றார் பின்னால் நின்றவர். மனைவி அவரைக் கிள்ளினாள்.

அம்மா குச்சிகளை நீட்டினாள். "உனக்கு வேணாம்னா நான் சாப்பிடறேன்."

"எனக்குத்தாம்மா அது." யுக்பிங் அவசரமாக அதைத் தன் கிண்ணத்துக்கு மாற்றினாள். தவறு அப்போதுதான் உறைத்தது. காலிக் கூடையைக் கன் தூக்கிக்கொண்டு போய்விட்டான். குழந்தைக்காரி தன் பையை அம்மாவின் நாற்காலியில் மாட்டினாள்.

அம்மா கைப்பையை எடுத்தாள். பாதி எழுந்தாள்.

அம்மாவின் கண்கள் மறுபடி தொட்டிக்குப் போயின. அப்படியே உட்கார்ந்தாள். தேநீர்க் கெண்டியின் மூடியைத் திறந்து விளிம்பில் சாய்த்து வைத்தாள். இன்னும் வெந்நீர் வேண்டும் என்று அர்த்தம்.

"போச்சு" என்று முனகினார் பின்னால் நின்றவர்.

"தொட்டிக்குப் பின்னால நிக்கிறவள வரச் சொல்லு" என்றாள் அம்மா. "நாம வந்ததுலேருந்து நிக்கிறா. தானா வருவாளான்னு பாத்தேன். கால் வலிக்கும் அவளுக்கு."

யுக்பிங் திரும்பினாள். மீன்களுக்கு அப்பால், கலங்கிய தண்ணீருக்குள், அக்காவின் பச்சைக் கோட்டு.

ஷுக்யி வந்து உட்கார்ந்தாள். அம்மா அவள் முகத்தைப் பார்க்காமலே தேநீர் ஊற்றினாள். நன்றி சொல்ல ஷுக்யி இரு விரல்களால் மேசையைத் தட்டினாள்.

யுக்பிங்கின் கிண்ணத்திலிருந்த கொழுக்கட்டையை அம்மா எடுத்து மூத்தவள் கிண்ணத்தில் வைத்தாள்.

"ஆறிப் போச்சு. சாப்பிடு."

பிறகு பின்பக்கம் திரும்பினாள். "வேற மேசை பாருங்க தம்பி. நாங்க இப்பத்தான் சாப்பிடவே ஆரம்பிக்கிறோம்."