கிழிந்த துணியோடு வரவும்

சுண்டுவின் எட்டாவது பிறந்தநாள் அழைப்பிதழில் நாளும் நேரமும் வீட்டு எண்ணும் வழக்கம்போல் இருந்தன. அவற்றுக்குக் கீழே இருந்த வாசகம்தான் அடுக்குமாடிக் குடியிருப்பில் சற்றுப் பேசப்பட்டது. கிழிந்தது, பிரிந்தது, பொத்தான் போனது என்று வீட்டில் கிடக்கும் ஏதேனும் ஒரு துணியோடு வரவும், எல்லோரும் உட்கார்ந்து சரிசெய்யலாம், அதன் பிறகு கேக் உண்டு என்று அதில் எழுதியிருந்தது.

வாசகத்தை அமைத்தவர் சுண்டுவின் தாயார். அவர் மூக்குக்கண்ணாடிக் கடை ஒன்றில், சட்டங்களில் கண்ணாடி பொருத்தும் பணியில் இருந்தார். சிறிய திருகுகளோடு பழகிய கை என்பதால் ஊசியும் நூலும் அவருக்கு எளிதாகவே வந்தன. குடும்பத்தில் கிழிந்த எதுவும் அவர் கண்ணில் படாமல் குப்பைக்குப் போனதில்லை. சுண்டுவுக்கும் அந்தப் பழக்கம் ஓரளவு ஒட்டிக்கொண்டிருந்தது. பள்ளிப்பையின் உள்ளறையில் அவள் எப்போதும் ஊக்குகள் வைத்திருப்பாள்.

அந்த ஊக்குகளில் ஒன்றினால்தான் அவளுக்கு ஒரு தோழி கிடைத்திருந்தாள். கல்வியாண்டின் நடுவில் இந்தக் குடியிருப்புக்கு மாறி வந்த பிறகு, சுண்டு புதிய வகுப்பில் யாருடனும் பேசவில்லை. மதிய உணவைத் தனியே உண்டாள். ஆசிரியை இதைத் தாயாரிடம் இருமுறை மிக மென்மையாகத் தெரிவித்தார். பின்னர் ஒருநாள் விளையாட்டு நேரத்தில், இதே கட்டடத்தின் மேல்மாடியில் வசிக்கும் சிறுமியின் தோள்பட்டைத் தையல் விட்டுப்போயிற்று. சுண்டு ஓடிச் சென்று ஊக்கு குத்திவிட்டாள். அன்று முதல் இருவரும் ஒரே பெஞ்சில் அமர்ந்தார்கள். பிறந்தநாளை மகளுக்குக் கைவந்த ஒன்றைச் சுற்றி நடத்தினால் அந்தத் தோழமை நிலைக்கும் என்று தாயார் எண்ணினார். அவருக்கு வேறு எந்த எதிர்பார்ப்பும் இருந்ததாகத் தெரியவில்லை.

சுண்டுவின் தந்தைக்கு அன்று இரண்டாவது ஷிப்டு. உதவிக்கு வந்திருந்தவர் அவருடைய தங்கை. அழைப்பிதழைப் படித்ததும் அவர், பிறந்தநாளுக்குப் புதுத்துணி எடுப்பார்கள் என்று கேள்விப்பட்டிருப்பதாகவும், ஊரார் கந்தலை வாங்கிப் போட்டுக்கொள்வதை இப்போதுதான் பார்ப்பதாகவும் அண்ணியிடம் தெரிவித்தார். ஆனாலும் வேலையில் அவர் குறை வைக்கவில்லை. பழைய நாட்காட்டித் தாள்களை மடித்து, மடிப்பின் ஓரத்தில் கத்தரிக்கோலால் சிறு சிறு முக்கோணங்கள் நறுக்கி, பிரித்தால் சாய்சதுர ஓட்டைகளாக விரியும் தோரணங்களைச் சுண்டுவும் அவரும் ஒரு வாரம் செய்தார்கள். அந்த முறையைக் கற்றுக்கொடுத்தவர் தாயார். கூடத்தில் சாப்பாட்டு மேசையின் ஒரு பக்கம் பொத்தான் டப்பா, மறுபக்கம் ஒட்டுத்துணிகள், அலமாரியருகே இஸ்திரிப் பெட்டியும் சூடுபட்டால் ஒட்டிக்கொள்ளும் பட்டையும் வைக்கப்பட்டன. இஸ்திரிப் பெட்டியைப் பெரியவர்கள் மட்டுமே தொடலாம் என்பது ஏற்பாடு.

ஞாயிற்றுக்கிழமை பிற்பகல் குழந்தைகள் வந்தார்கள். ஒருத்தி குதிகால் கிழிந்த காலுறை கொண்டு வந்தாள். ஒருத்தி காது தொங்கிய கரடி பொம்மையைக் கொண்டு வந்து, கரடியும் ஒருவகையில் துணிதான் என்று வாதாடி அனுமதி பெற்றாள். எதிர்வீட்டுச் சிறுவன் தன் தந்தையின் உடற்பயிற்சி பனியனை நீட்டினான்.

நாத்தனார் அதை வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்துப் பார்த்தார். "இதுல ஓட்டையை அடைக்க முடியாதுடா கண்ணு. துணி எங்க இருக்குன்னு தேடிக் கண்டுபிடிச்சு, அதைத்தான் தைக்கணும்."

மேல்மாடிச் சிறுமி கடைசியாக வந்தாள். மெத்தென்று நடந்து படியிறங்கி வருவதால் நாத்தனார் அவளுக்கு மாடிப்புறா என்று பெயர் வைத்திருந்தார். அவள் கையிலிருந்த நெகிழிப் பையில் கருஞ்சிவப்பு வெல்வெட் கவுன் ஒன்று இருந்தது. அதன் இடுப்பில், பின்புறம் பட்டாம்பூச்சி முடிச்சாகக் கட்டிக்கொள்வதற்கு அகலமான பட்டை ஒன்றும் இருந்தது. கவுன் ஒருமுறைகூட உடுத்தப்படவில்லை என்பது பார்த்தவுடனே தெரிந்தது. வலப்பக்கம், கையைத் தொங்கவிட்டால் விரல்கள் படும் உயரத்தில், ஓர் ஓட்டை இருந்தது.

தாயார் அதை மடியில் விரித்துப் பார்த்தார். ஆணியில் மாட்டிக் கிழிந்தால் துணி ஒரு பக்கமாக இழுபட்டு நூல் பிரிந்து நிற்கும். பூச்சி அரித்தால் ஓரம் வட்டமாகத் தேயும். இந்த ஓட்டை நான்கு கூர்முனைகளோடு அளவான சாய்சதுரமாக இருந்தது. அவர் தலையை நிமிர்த்தினார். சுவரெங்கும் அதே வடிவம் தொங்கிக்கொண்டிருந்தது.

அவர் மகளைச் சமையலறைக்கு அழைத்துச் சென்று கதவைச் சாத்தினார்.

"யார் வெட்டினது?"

சுண்டு குழாயைப் பார்த்தபடி நின்றாள். "அவங்க வீட்ல கிழிஞ்சதே கிடையாதும்மா. கிழிஞ்சா தூக்கிப் போட்டுடுவாங்களாம். கிழிஞ்சது இல்லாம வந்தா சேர்த்துக்க மாட்டீங்களான்னு கேட்டா."

"நீ என்ன சொன்ன?"

"ரூல்னா ரூல்தானேன்னு சொன்னேன்." பிறகு, கேட்காமலேயே, "சின்னதாத்தான்மா வெட்டினேன். மடிச்சு வெட்டினதால ரெண்டு மடங்காயிடுச்சு" என்றாள்.

வெள்ளிக்கிழமை மாலை, இரு மாடிகளுக்கும் இடைப்பட்ட படிக்கட்டுத் திருப்பத்தில், தாயாரின் நூல் கத்தரிக்கோலால் அது நடந்திருந்தது. அலமாரியில் புதிதாக இருந்ததையே எடுத்து வந்ததற்கு மாடிப்புறாவிடம் நியாயமான காரணம் இருந்தது. தினமும் உடுத்துவதை வெட்டினால் அம்மா உடனே பார்த்துவிடுவாள் அல்லவா?

விவரம் அறிந்த நாத்தனார் சிரிப்பை அடக்கிக்கொண்டார். ஆனால் அவர் கூறிய யோசனை தீவிரமானதுதான். கதவுத் தாழ்ப்பாளில் மாட்டிக் கிழிந்தது என்று சொல்லிவிடலாம். மாடிவீட்டு அம்மாள் வழக்கறிஞர். உண்மையைச் சொன்னால் குழந்தையை இனி இந்த வாசல் பக்கமே விடமாட்டார். பிள்ளைக்கு இருப்பது ஒரே ஒரு தோழி என்பதை அண்ணி நினைத்துப் பார்க்க வேண்டும். தாயார் அதைத்தான் நினைத்துக்கொண்டிருந்தார். தாழ்ப்பாளைக்கூட ஒருமுறை திரும்பிப் பார்த்தார். அது வழவழப்பான உருண்டைத் தாழ்ப்பாள். எதுவும் அதில் மாட்டிக்கொள்ளாது.

குழந்தைகள் ஊசியில் நூல் கோத்தார்கள், விரலில் குத்திக்கொண்டார்கள், பொத்தான்களை இடம்மாற்றித் தைத்தார்கள். பனியனுக்கு வண்ண வண்ணமாக ஒட்டுகள் விழுந்தன. மாடிப்புறாவுக்குக் கவுனுக்குப் பதிலாக ஒரு தலையணை உறை கொடுக்கப்பட்டது. அவள் அதன் பிரிந்த ஓரத்தை மிகுந்த கவனத்தோடு தைத்து, வாய் இல்லாத உறையாக்கிவிட்டாள். கேக் வெட்டப்பட்டது. சுண்டு தன் பங்கை உண்ணவில்லை.

ஐந்து மணிக்குப் பெற்றோர்கள் வரத் தொடங்கினார்கள். மற்றவர்கள் சென்றபின் வழக்கறிஞர் வந்தார். தாயார் அவரை உட்காரச் சொல்லி, தண்ணீர் கொடுத்து, அவர் எதுவும் கேட்பதற்கு முன்பாகவே கவுனை எடுத்து முன்னால் வைத்தார். நடந்ததை நடந்தபடியே கூறினார். அழைப்பிதழின் வாசகம் தம்முடையது என்பதையும், அதைக் குழந்தைகள் இப்படி எடுத்துக்கொள்ளக்கூடும் என்று தாம் எண்ணிப் பார்க்கத் தவறியதையும் சேர்த்துக் கூறினார்.

வழக்கறிஞர் ஓட்டைக்குள் ஒரு விரலை விட்டுப் பார்த்தார். வரும் சனிக்கிழமை அவருடைய தம்பிக்குத் திருமணம். மணமகன் பக்கத்துக் குழந்தைகள் எல்லோரும் இதே நிறத்தில் நிற்க வேண்டும் என்று குடும்பத்தில் முடிவாகி, ஒரே கடையில் மொத்தமாக எடுத்தவை அவை. வேறொன்று கிடைக்காது என்று அவர் நிதானமாகத் தெரிவித்தார். பிறகு தம் மகளிடம் திரும்பினார்.

"கிழிஞ்சது இல்லைன்னா சும்மா போன்னு சொன்னேனா இல்லையா?"

"சொன்னம்மா. ஆனா நான்தான் வெட்டச் சொன்னேன்."

"இல்ல ஆன்ட்டி, நான்தான் மடிச்சேன்," என்றாள் சுண்டு.

வழக்கறிஞர் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். "ரெண்டு பேரும் போட்டி போட்டுக்கிட்டு ஒத்துக்கிட்டா எனக்கு இங்க வேலையே இல்ல." அவர் முகத்தில் சிரிப்பு இல்லை. கவுனை மடித்துப் பைக்குள் வைத்தார். நாளை ஏதாவது தையற்கடையில் கேட்டுப் பார்ப்பதாகச் சொன்னார். எழுந்தபோது, "கொஞ்ச நாளைக்கு இவ கீழ வரவேண்டாம். தப்பா எடுத்துக்காதீங்க," என்றார்.

தவறாக எடுத்துக்கொள்ள இதில் ஒன்றுமில்லை என்று தாயார் பதிலளித்தார். சுண்டு சுவரோரமாக ஒதுங்கி நின்றாள். தாயார் அவளைப் பார்க்கவில்லை. மாறாக, வழக்கறிஞர் மன்னித்தால் ஒரு யோசனை சொல்ல விரும்புவதாகக் கூறினார். ஓட்டையை அடைத்தால் ஒட்டுப்போட்டது தெரியும். ஆனால் அது கை போய் விழும் இடத்தில் இருக்கிறது. அதன்மேல் ஒரு பாக்கெட் வைத்து, மறுபக்கமும் அதேபோல் ஒன்று வைத்துவிட்டால் கவுனே அப்படித் தைக்கப்பட்டதாக இருக்கும். அதற்கு இதே துணி வேண்டும். இதே துணி ஓர் இடத்தில் மட்டுமே இருந்தது.

வழக்கறிஞர் பையிலிருந்து கவுனை மறுபடி எடுத்து, பின்புறத்துப் பட்டையைக் கையில் பிடித்துக்கொண்டார். "இந்த முடிச்சுக்காகத்தான் இதையே எடுத்தோம்."

"தெரியுதுங்க."

"நல்லா இருக்கிறதை வெட்டித்தான் கெட்டதைச் சரிபண்ணணுமா?"

"எனக்கு வேற வழி தெரியலைங்க. கடையில வேற ஏதாவது சொல்லலாம்."

மாடிப்புறா மெதுவாக, முடிச்சு முதுகில் இருந்தால் நாற்காலியில் சாய முடியாது என்று பொதுவாகச் சொன்னாள். பாக்கெட் உள்ள கவுன் தன்னிடம் ஒன்றுகூட இல்லை என்பதையும் கூறினாள்.

"உன்னை யாரும் சாட்சிக்குக் கூப்பிடலை," என்றார் வழக்கறிஞர். ஆனால் அமர்ந்துவிட்டார். பட்டையைத் தாயாரிடம் நீட்டினார். "நீங்களே வெட்டுங்க. நான் பார்க்கமாட்டேன்."

அவர் சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். தாயார் பட்டையை இடுப்புத் தையலிலிருந்து பிரித்து, விரித்து, ஒரு துண்டை அளந்து வெட்டினார். அதை ஓட்டையின்மேல் வைத்து ஊசிகள் குத்தினார். அளவு சரியாகவே இருந்தது. இருந்தும் ஏதோ பொருந்தவில்லை. கவுன் கருஞ்சிவப்பாக இருக்க, துண்டு மட்டும் வெளிறித் தெரிந்தது. ஒரே துணி எப்படி இரு நிறமாகும் என்று அவர் திகைத்தார். மூக்குக்கண்ணாடிக் கடையில் வெல்வெட் என்பது பெட்டிகளின் உட்புறம் மட்டுமே. அதை அவர் தைத்ததில்லை.

பார்க்கமாட்டேன் என்றவர் பார்த்துக்கொண்டுதான் இருந்திருக்கிறார். "தலைகீழா வச்சிருக்கீங்க," என்றார் வழக்கறிஞர். அவர் முன்னால் சாய்ந்து, கவுனை மேலிருந்து கீழாகத் தடவினார். துணி வழுக்கிக்கொண்டு போயிற்று. துண்டைத் தடவியபோது கையைத் தடுத்தது. நீதிமன்றத்தில் தாம் அமரும் நாற்காலிக்கு இதே துணியில் உறை இருப்பதாகவும், எதிர்த்தரப்பு நீளமாகப் பேசும்போதெல்லாம் அதை முன்னும் பின்னும் தடவி நிறம் மாற்றுவதே தம்முடைய பொழுதுபோக்கு என்றும் கூறினார்.

"நல்ல பொழுதுபோக்கு," என்றார் நாத்தனார். "ஜட்ஜுக்குத் தெரியுமா?"

"அவர் நாற்காலியும் வெல்வெட்டுதான்."

இப்போது எல்லோரும் சிரித்தார்கள், சுண்டுவைத் தவிர. தாயார் ஊசிகளை எடுத்துத் துண்டைத் திருப்பி வைத்தார். நிறம் ஒன்றாயிற்று. இயந்திரத்தில் தைத்தால் துணி நசுங்கித் தடம் விழும் என்பதால் கையால் தைக்க வேண்டியிருந்தது. உட்புறத்தில் ஓட்டையின் ஓரங்களை ஒட்டும் பட்டையால் பிடித்து நிறுத்தி, பாக்கெட்டின் விளிம்பை உள்ளே மடித்து, வெளியே நூல் தெரியாமல் நெருக்கமாகத் தைத்துக்கொண்டு போனார். துணி நழுவியதால் ஒரு முனையை வழக்கறிஞர் பிடித்துக்கொண்டார். இரண்டு சிறுமிகளும் தரையில் விழுந்த கருஞ்சிவப்புத் துகள்களை ஈரக் கையால் ஒற்றி எடுத்தார்கள்.

"பார்க்கிறவங்களுக்குத் தெரியுமா?" என்று வழக்கறிஞர் கேட்டார்.

"கிட்ட வந்து குனிஞ்சு பார்த்தா தெரியும்."

"என் பெரியம்மா குனிஞ்சு பார்ப்பாங்க."

"அப்ப தெரியும்."

வழக்கறிஞர் தலையசைத்தார். அந்தப் பதிலை அவர் விரும்பினாரா இல்லையா என்பது விளங்கவில்லை.

ஒரு பாக்கெட் முடிவதற்குள் அறையில் வெளிச்சம் குறைந்துவிட்டது. விளக்கைப் போட்டால் அந்த நிறத்தில் தையல் சரியாகத் தெரியாது என்று தாயார் தயங்கினார். அதற்குள் வழக்கறிஞரின் கைபேசி ஒலித்தது. மேலே கட்சிக்காரர் ஒருவர் வந்து காத்திருந்தார். வழக்கறிஞர் எழுந்து, பாதி முடிந்த கவுனையும் மீதமிருந்த பட்டைத் துணியையும் பார்த்தார். கவுனை இங்கேயே வைத்துவிட்டுச் செல்லலாம், நாளை மாலைக்குள் முடித்து மேலே கொண்டுவந்து கொடுப்பதாகத் தாயார் பணிவாகக் கூறினார்.

"வேண்டாம். எங்க வீட்டுக்காரர் இன்னைக்கே பார்க்கணும், இல்லேன்னா கதை வேற மாதிரி வளரும்." அவர் கவுனை, பாக்கெட் மடியாத வண்ணம், கையின்மேல் போட்டுக்கொண்டார். வாசல்வரை சென்று செருப்பை மாட்டியவர், தம் மகள் முன்னால் படியேறுவதைப் பார்த்துக்கொண்டே பேசினார். "நாளைக்கு இவ கையிலயே குடுத்து அனுப்புறேன். முடியிறவரைக்கும் இங்கேயே உட்கார்ந்து பார்க்கட்டும். கத்தரிக்கோலை மட்டும் நீங்க வச்சுக்கோங்க."

சுண்டு தாயாரின் பின்னாலிருந்து வெளியே வந்தாள்.

"எப்ப ஆன்ட்டி?"

"ஸ்கூல் விட்டதும்," என்றார் வழக்கறிஞர், படியேறியபடியே.