முன்றிலில் உலர்ந்த தோல்

மேலைக் கதிரவன் உட்துறைமுகத்து நீரின்மேல் செம்பொன்னை உருக்கி ஊற்றினாற்போல் ஒளி பரப்ப, நங்கூரமிட்ட கப்பல்கள் கரிய குன்றுகளாய் அசைவற்று நிற்க, வலைகளை உதறி மடித்த மீனவர் இல்லம் நோக்கி நடக்க, கோட்டை வாயிலில் மேய்ந்த புள்ளிமான்கள் ஊர்திகளுக்கும் அஞ்சாது தெருவைக் கடக்கும் மாலைப்பொழுதில், திருகோணமலைத் துறைமுகத்தை அடுத்த தெருவொன்றில், ஆனந்தராசா என்னும் ஓய்வுபெற்ற எழுத்தரின் வீட்டுக் கூடத்திலே பெண் கேட்டு வந்தோர் அமர்ந்திருந்தனர்.

அவருடைய ஒரே மகள் நிரோஜினி, ஆட்டுத்தோலை அளந்து அரிந்து, ஓரங்களை மெல்லிதாய்ச் சீவி, மடித்த தாள்களை மெழுகிட்ட நூலால் தைத்துப் பிணைத்து, எழுதுவோர் கைக்கு இதமான குறிப்பேடுகளாக்கி விற்பவள். அயலூராகிய குறிஞ்சாக்கேணியிலிருந்து பதனிட்ட தோலைக் கொணர்ந்து, உடனிருந்து தைத்துக் கொடுக்கும் றஹ்மா அவளுக்குத் தொழில்துணையும் உயிர்த்தோழியும் ஆவாள். கடல் காண வரும் அயல்நாட்டார் அவ்வேடுகளை விரும்பி வாங்கினர். அவ்வருவாயிலேயே அவ்வீட்டு அடுப்பு எரிந்தது. ஆயினும் தோலைத் தொடுவது குடிக்கு இழுக்கென்று எண்ணிய தந்தையார், அயலார் கண்படாதவாறு பின்வளவுக் கொட்டகையிலேதான் அவள் தொழில் செய்யவேண்டுமெனப் பணித்திருந்தார், அவளும் இணங்கியிருந்தாள்.

மணமகன் இராகுலன் பள்ளி ஆசிரியன். ஏடு வாங்க வந்து அவளையே விரும்பியவன். அவளும் அவனை விரும்பினாள். அவன் தாய் கனகம்மா, தேநீரை அருந்தி முடித்து, குரலை உயர்த்தாமலே தன் உள்ளத்தை வெளியிட்டாள்.

"பிள்ளை, உம்மில ஒரு குறையும் சொல்ல ஏலாது. ஆனா தோல் வேலை எங்கட குடும்பத்துக்குச் சரிவராது. அதை விட்டிட்டன் எண்டு ஒரு சொல்லுச் சொன்னீரெண்டா, தையிலயே நாள் வைக்கலாம்."

தந்தையின் கண்கள் மகளை இறைஞ்சின. இராகுலன் அவளைக் கிணற்றடிக்கு அழைத்துச் சென்று, திருமணம் முடியும்வரை அவ்வாறு சொல்லிவைத்தாற் போதும், பின்னர்த் தான் பார்த்துக்கொள்வதாகத் தணிந்த குரலில் வேண்டினான். ஒரு நொடி அவள் நெஞ்சு கரைந்தது. அச்சொல் மிகச் சிறிது, அதைச் சொன்னால் இவன் கிட்டுவான். ஆனால், சாயம் ஊறிக் கத்தி கீறிய தன் விரல்களை அவள் குனிந்து நோக்கினாள்.

"இண்டைக்கு ஒளிச்சனெண்டா, பிறகு உங்கட வீட்டில இந்தக் கையை ஆயுள் முழுக்க ஒளிக்க வேணும். அது என்னால ஏலாது."

பின் கூடத்துக்கு வந்து, தொழிலை விடப்போவதுமில்லை, விட்டதாகப் பொய்யுரைக்கப்போவதுமில்லை என்று கனகம்மாவிடம் பணிவோடே மொழிந்தாள். வந்தோர் எழுந்தனர். இராகுலன் திரும்பிப் பாராமல் தாயின் பின்னே நடந்தான்.

மறுநாட் காலையில் நிரோஜினியும் றஹ்மாவும் வேலைப்பலகையைத் தூக்கிவந்து தெருவை நோக்கிய முன்றிலில் இட்டு, சாயமேற்றிய தோல்களைக் கொடியில் வரிசையாய் விரித்தனர். ஆனந்தராசா பதறி வெளியே வந்தார்.

"நாலு சனம் பாக்கட்டும் எண்டோ?"

"ஓம் அப்பா. பாக்கட்டும்."

பார்த்தனர். சிலர் மூக்கைப் பொத்திக் கடந்தனர். நாள்தோறும் வந்துபோன அண்டைவீட்டார் படியேறாதொழிந்தனர். தந்தையாரோ மகளோடு பேச்சை நிறுத்தி, அவள் சமைத்ததைத் தனியே உண்டார். அவள் யாரையும் நொந்திலள்; ஏடுகளைத் தைத்துக்கொண்டேயிருந்தாள். பின்னொருநாள், நடுத்தெருவில் வைத்து இக்கேட்டை ஏன் பொறுக்கிறீரென உறவினர் ஒருவர் வினவ, ஆனந்தராசா, "அவளின்ர உழைப்பிலதான் நான் சாப்பிடுறன். கேக்கிறதெண்டா அவளிட்டயே கேளுங்கோ" என்று விடையிறுத்தார். மகளிடம் அதனை அவர் கூறினாரல்லர். தெருவே வந்து கூறிற்று.

ஆவணித் திங்களில் இராகுலன் வேறொருத்தியை மணந்தான். மணவூர்வலத்தின் மேளவொலி அத்தெரு வழியாகவே சென்றது. றஹ்மா தெருவாயிற்கதவைச் சாத்த எழுந்தாள். நிரோஜினி வேண்டாமெனத் தலையசைத்தாள். அவள் கண்கள் நிறைந்து வழிந்தன. அவற்றை அவள் துடைத்தாளல்லள். இழந்தது சிறிதன்று என்பதை நன்கறிந்தும், தன்னை ஒளித்துப் பெறும் இன்பத்தினும் தானாய் நின்று தாங்கும் துன்பமே மானமுடைத்தெனத் தேர்ந்த அம்மங்கை, ஊர்வலம் காண நிமிர்ந்த தலை நிமிர்ந்தபடியே, அடுத்த தோலைப் பலகைமேல் விரித்தாள்.